சீரம் இல்லாத மீடியத்தில் இரும்பு: அளவுக்கு முன்னால் வடிவம்

பத்து வீதம் கன்றுச் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) வளர்ந்த கலங்களைச் சீரம் இல்லாத மீடியத்துக்கு (வளர்ப்புக் கரைசலுக்கு) மாற்றும்போது முதல் கவலை வளர்ச்சிக் காரணிகள் மேல்தான் போகும். இன்சுலின் எவ்வளவு, எப்.ஜி.எப். எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். இரும்பு நினைவுக்கு வருவது மூன்றாம் நான்காம் பாசேஜில் (கலங்களைப் பிரித்துப் புதுப் பாத்திரத்துக்கு மாற்றும் ஒவ்வொரு தரமும் ஒரு பாசேஜ்) கலங்கள் சோர்ந்துபோன பிறகு. அப்போதும் "இன்னும் கொஞ்சம் இரும்பு போட்டால் என்ன?" என்றுதான் கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது, போட்ட இரும்பை மீடியத்துக்குள் எது பிடித்து வைத்திருக்கிறது என்பது. அதைத் தீர்மானித்த பிறகுதான் அளவு பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் கலவளர்ப்பு அறையை வைத்து வேலை செய்கிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொருட்கள் கொழும்பிலிருந்து வரவேண்டும், கரண்ட் நின்று வரும், காற்றில் ஈரம், கிணற்றில் சுண்ணாம்புத் தண்ணீர். இந்த நான்கும் இரும்பு விஷயத்தில் நேரடியாகத் தலையிடும்.

கலத்துக்கு இரும்பு ஏன் வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி.என்.ஏ. கட்டுவதற்கான அலகுகளைத் தயாரிக்கும் ரைபோநியூக்கிளியோடைட் ரிடக்டேஸ் நொதியத்தின் மையத்தில் இரும்பு இருக்கிறது. இழைமணியின் இலத்திரன் கடத்தலும் சைற்றோகுரோமும் இரும்பு இல்லாமல் ஓடாது. ஆகவே பிரிந்து பெருகும் கலத்துக்கு அது தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

சிக்கல் இரும்பின் இரசாயனத்தில் இருக்கிறது. ஒட்சிசன் உள்ள, பி.எச். 7.4 உள்ள நீரில் பெரிக் அயன் (மூன்று நேரேற்றமுள்ள இரும்பு) ஐதரொட்சைட்டாகி விழுந்துவிடும். தனித்துக் கரைந்து நிற்கக்கூடிய பெரிக் அயன் 10இன் மறை 18ஆம் அடுக்கு மோலார் என்ற அளவில்தான் இருக்கும். அது நடைமுறையில் பூச்சியம். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டுத்தான். ஆனாலும் அடியில் சுண்ணக்கல் இருந்து மண் காரமாகும் இடங்களில் பயிர் இரும்பு கிடைக்காமல் மஞ்சளாகும். மீடியத்துக்குள் வெறும் பெரிக் குளோரைட்டைப் போட்டாலும் நடப்பது அதேதான்: இரும்பு இருக்கும், கலத்துக்குக் கிடைக்காது.

மறுபக்கம் பெரஸ் அயன், அதாவது இரண்டு நேரேற்றமுள்ள இரும்பு. அது நன்றாகக் கரையும். ஆனால் நடுநிலைப் பி.எச்.இல் காற்றுப் பட்டால் நிமிடக் கணக்கில் ஒட்சியேறி பெரிக்காகிவிடும். அதைவிட மோசம், ஐதரசன் பேரொட்சைட்டைச் சந்தித்தால் ஐதரொட்சில் மூலிகத்தை உண்டாக்கும். பென்ரன் தாக்கம் என்று உயர்தர வகுப்பில் படித்தது இதைத்தான். அந்த மூலிகம் கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. எதையும் விடாது. சீரம் இருக்கும் மீடியத்தில் அல்புமினும் கற்றலேஸும் இதைத் தாங்கிக்கொள்ளும். சீரத்தை எடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. அதனால்தான் சீரத்துடன் கலங்கள் பொறுத்துக்கொண்ட இரும்பின் அளவு, சீரம் இல்லாதபோது அவற்றைக் கொல்லக்கூடும்.

மீடியத்தில் ஏற்கெனவே இருப்பது

இதைப் பார்க்காமல் கணக்குப் போடக்கூடாது. பரவலான அடிப்படை மீடியமான டி.எம்.ஈ.எம்.இல் பெரிக் நைத்திரேற்று லீற்றருக்கு 0.1 மில்லிகிராம். அதாவது இரும்பு 0.25 மைக்குரோமோலார். ஹாம் எப்.12இல் பெரஸ் சல்பேற்று 0.834 மில்லிகிராம், அதாவது 3 மைக்குரோமோலார். இரண்டையும் சமமாகக் கலந்த டி.எம்.ஈ.எம்./எப்.12இல் இரண்டு உப்பும் பாதிப் பாதி வரும், மொத்தம் ஏறத்தாழ 1.6 மைக்குரோமோலார். ஆர்.பி.எம்.ஐ. 1640இன் சூத்திரத்தில் இரும்பு உப்பே கிடையாது. ஈகிளின் எம்.ஈ.எம்.இலும் இல்லை. இஸ்கோவ் மீடியத்திலும் பெரிக் நைத்திரேற்றை எடுத்துவிட்டுப் பொற்றாசியம் நைத்திரேற்றை வைத்தார்கள்.

இதன் விளைவு சின்னதல்ல. டிரான்ஸ்பெரின் என்பது இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம். இரும்பு ஏற்றப்படாத டிரான்ஸ்பெரினை டி.எம்.ஈ.எம்./எப்.12இல் போட்டால் அது அங்கே இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். அதையே ஆர்.பி.எம்.ஐ.இல் போட்டால் பிடிப்பதற்கு அசுத்தமாக வந்த இரும்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரே சப்ளிமெண்ட் ஒரு மீடியத்தில் வேலை செய்து இன்னொன்றில் கைவிடுவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம்.

டிரான்ஸ்பெரின்

முடிந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கலம் தனக்குத் தேவையான இரும்பைத் தானே அளந்து எடுக்கும் ஒரே வழி இது. டிரான்ஸ்பெரின் ஏறத்தாழ 80 கிலோடால்ரன் புரதம், ஒன்றில் இரண்டு பெரிக் அயன்கள் உட்காரும். ஒவ்வோர் இரும்புடனும் ஒரு காபனேற்று அயனும் சேர்ந்தால்தான் பிடி உறுதியாகும். இருகாபனேற்று உள்ள மீடியத்தில் அதற்குக் குறைவில்லை. இரும்பு ஏறிய டிரான்ஸ்பெரின் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியில் ஒட்டி, ஒரு சிறு பையாக உள்ளே போகும். அந்தப் பைக்குள் பி.எச். 5.5 வரை இறங்கும்போது இரும்பு கழன்று, பெரஸாகத் தாழ்த்தப்பட்டு, டி.எம்.ரி.1 என்ற கடத்தி வழியாகக் குழியவுருவுக்குள் போய்விடும். வெறுமையான டிரான்ஸ்பெரின் மேற்பரப்புக்குத் திரும்பி, 7.4 பி.எச்.இல் வாங்கியை விட்டு விலகி, மறுபடி இரும்பைத் தேடும். ஒரு சுற்றுக்குப் 10 முதல் 20 நிமிடம். உள்ளே இரும்பு நிறைந்துவிட்டால் கலம் வாங்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். சிறுமூலக்கூற்று இரும்புக்கு இந்தக் கதவடைப்பு இவ்வளவு இறுக்கமாக இல்லை.

சுற்றித் திரும்புவதன் வலிமையைக் கணக்கில் பாருங்கள். லீற்றருக்கு 5.5 மில்லிகிராம் டிரான்ஸ்பெரின் என்பது 0.07 மைக்குரோமோலார். அது முழுதாக நிரம்பியிருந்தாலும் ஒரு நேரத்தில் சுமக்கும் இரும்பு 0.14 மைக்குரோமோலார்தான். அதே கலங்களைச் சித்திரேற்று இரும்பில் வளர்க்க 50 மைக்குரோமோலாரோ அதற்கு மேலோ தேவைப்படலாம். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம்.

5.5 என்ற எண் ஐ.ரி.எஸ். என்று விற்கப்படும் இன்சுலின், டிரான்ஸ்பெரின், செலனியக் கலவையின் வழமையான அளவு. நூறு மடங்கு செறிவில் வரும் போத்தலை லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் சேர்த்தால் இன்சுலின் 10 மில்லிகிராம், டிரான்ஸ்பெரின் 5.5 மில்லிகிராம், சோடியம் செலனைட்டு 6.7 மைக்குரோகிராம் கிடைக்கும். மனித முதன்மூலக் கலங்களுக்கான ஈ8 மீடியத்தில் டிரான்ஸ்பெரின் 10.7 மில்லிகிராம். நரம்புக் கலங்களுக்கு 1979இல் பொட்டன்ஸ்ரைனும் சேட்டோவும் வகுத்த என்2 சேர்க்கையில் 100 மில்லிகிராம். இந்த வீச்சைப் பார்த்தாலே விளங்கும்: எல்லாக் கலத்துக்கும் ஒரே எண் கிடையாது.

வாங்கும்போது லேபலில் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, இரும்பு ஏற்றியதா, ஏற்றாததா. ஏற்றியது என்றால் கரைசல் இளஞ்சிவப்பாக, வெட்டிய சூரைமீன் துண்டின் நிறத்தில் இருக்கும். ஏற்றாதது நிறமற்றது. இரண்டு, எந்த விலங்கினுடையது. மனித டிரான்ஸ்பெரின் எலிக் கலங்களிலும் நன்றாக வேலை செய்யும். மாட்டு டிரான்ஸ்பெரின் மனித வாங்கியில் பலவீனமாகவே ஒட்டும், அதனால் அளவைப் பல மடங்கு கூட்டவேண்டி வரும். கோழி முட்டையிலிருந்து எடுப்பது மலிவாகக் கிடைத்தாலும் முலையூட்டிக் கலங்களுக்கு வாங்காதீர்கள். மூன்று, இரத்தத்திலிருந்து பிரித்ததா, மரபணு மாற்றத்தால் ஈஸ்டிலோ நெல்லிலோ உற்பத்தி செய்ததா. விலங்குப் பொருள் இல்லாத மீடியம் வேண்டும் என்றால் இரண்டாவதுதான்.

ஸ்ரொக் கரைசல் (ஐதாக்கிப் பாவிக்கும் செறிந்த கரைசல்) செய்வது எளிது. இரும்பு ஏற்றிய தூள் 50 மில்லிகிராமை 10 மில்லிலீற்றர் பொஸ்பேற்றுத் தாங்கல் உப்புக் கரைசலில் குலுக்காமல் உருட்டி உருட்டிக் கரையுங்கள். நுரைத்தால் புரதம் கெடும். புரதத்தை உறிஞ்சாத பி.ஈ.எஸ். வடிகட்டியில் 0.22 மைக்குரோமீற்றரில் வடித்து, அரை மில்லிலீற்றராகப் பிரித்து மறை 20 பாகையில் வையுங்கள். இது ஆயிரம் மடங்கு செறிவு: ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர். உருக்கியதைத் திரும்ப உறையவைக்காதீர்கள். கரண்ட் போய் உருகி, வந்து உறைந்த ரியூப்களை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நீர் உறைந்த சின்ன ரியூப் ஒன்றைத் தலைகீழாக அதே பெட்டிக்குள் வையுங்கள். ஐஸ் மூடிப் பக்கம் இறங்கியிருந்தால் பெட்டி உருகியிருக்கிறது.

கையில் இருப்பது இரும்பு ஏற்றாத தூளாக இருந்தால் நீங்களே ஏற்றலாம். பெரிக் குளோரைட்டு 10 மில்லிமோலாரும் நைத்திரிலோ மூவசற்றிக் அமிலம் 40 மில்லிமோலாருமாக ஒரு கரைசல் செய்து, பி.எச். 7க்குக் கொண்டுவாருங்கள். 50 மில்லிகிராம் டிரான்ஸ்பெரினில் 0.625 மைக்குரோமோல் இருக்கிறது. இரண்டு மடங்கு இரும்பு என்றால் 1.25 மைக்குரோமோல், அதாவது அந்தக் கரைசலில் 125 மைக்குரோலீற்றர். புரதத்தைச் சோடியம் இருகாபனேற்று 20 மில்லிமோலார் உள்ள, பி.எச். 7.5 முதல் 8 வரையான தாங்கலில் கரைத்து, இரும்பைத் துளித்துளியாகச் சேர்த்து, அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். நிறம் கண்முன்னாலேயே ஏறும். பிறகு 30 கிலோடால்ரன் சுழல்வடிகட்டியில் தாங்கலால் மூன்று தரம் கழுவி, மிச்ச இரும்பையும் அந்த அமிலத்தையும் கட்டாயம் அகற்றுங்கள். இரும்பும் அந்த அமிலமும் சேர்ந்த சேர்மம் சிறுநீரகத்துக்கு நஞ்சு, கையுறை இல்லாமல் தொடவேண்டாம். முடிவை நிறமானியில் சரிபார்க்கலாம்: 465 நானோமீற்றர் உறிஞ்சலை 280 நானோமீற்றர் உறிஞ்சலால் பிரித்தால் முழு நிரப்பலில் 0.046ஐ ஒட்டி வரும். பாதிதான் வந்தால் பாதிதான் ஏறியிருக்கிறது.

சித்திரேற்று வழி

டிரான்ஸ்பெரின் கட்டுப்படியாகாதபோதும், குளிர்ச் சங்கிலியை நம்ப முடியாதபோதும் இதுதான் கைகொடுக்கும். தூள்கள் அறை வெப்பத்தில் இருக்கும், விலை குறைவு, வேண்டிய அன்றே கரைத்துக்கொள்ளலாம். சீ.எச்.ஓ. (சீன ஹம்ஸ்ரர் சூலகக் கலம்) போன்ற, ஒட்டாமல் மிதந்து வளரும் தொங்கல் வளர்ப்புக் கலங்களும் பல ஹைபிரிடோமாக்களும் (பிறபொருளெதிரி சுரக்கும் கலப்புக் கலங்கள்) டிரான்ஸ்பெரின் இல்லாமலே இதில் வளரும். முதன்மை நரம்புக் கலம், ஈரல் கலம் போன்றவற்றுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன். அவற்றின் தாங்குதிறன் குறுகலானது.

சித்திரேற்று இரும்பில் மிக முக்கியமானது சித்திரேற்றுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம். விகிதம் குறைவாக இருந்தால் இரும்பு அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய பல்பகுதியங்களாகும். கரைசல் தெளிவாகத்தான் தெரியும், ஆனால் கலம் அதை மெதுவாகவே எடுக்கும், நாள்போக்கில் வீழ்படிவும் வரும். இரும்பு 1க்குச் சித்திரேற்று 20 என்ற விகிதத்துக்கு மேலே தனி அலகுகளே பெரும்பான்மையாக நிற்கும்.

100 மில்லிலீற்றர் ஸ்ரொக்குக்கு மூச்சித்திரேற்றுச் சோடியம் இருநீரேற்று 5.88 கிராமை 80 மில்லிலீற்றர் நீரில் கரையுங்கள். பெரிக் குளோரைட்டு அறுநீரேற்று 270 மில்லிகிராமை வேறாக 5 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, கலக்கியபடி இருக்கும் சித்திரேற்றுக்குள் துளித்துளியாக விடுங்கள். வரிசையை மாற்றவேண்டாம். இரும்புக்குள் சித்திரேற்றை விட்டால் தொடக்கத்தில் விகிதம் தலைகீழாக இருந்து பல்பகுதியங்கள் உருவாகிவிடும், பிறகு அவை இலேசில் பிரியமாட்டா. பி.எச். 7ஐ ஒட்டி நிற்கும், இல்லாவிட்டால் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டால் சரிசெய்யுங்கள். 100 மில்லிலீற்றராக்கி வடிகட்டுங்கள். இது இரும்பு 10 மில்லிமோலார், சித்திரேற்று 200 மில்லிமோலார். நிறம் வெளிறிய மஞ்சளாக, சற்றே பச்சை கலந்து இருக்கவேண்டும். தேயிலைச் சாயம்போலக் கபிலமானால் பல்பகுதியம் கூடுதல்.

வடிகட்டி முடிந்ததும் வடிகட்டியின் வெள்ளை மென்சவ்வைத் திருப்பிப் பாருங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். துருநிறப் படலம் படிந்திருந்தால் கணக்குப்போட்டு நிறுத்த இரும்பில் ஒரு பங்கு அதில் நின்றுவிட்டது. ஸ்ரொக்கின் செறிவு இனி 10 மில்லிமோலார் அல்ல. ஊற்றிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். ஓட்டோகிளேவ் பண்ணுவது வடிகட்டலுக்கு மாற்று ஆகாது.

விகிதத்துக்கு ஒரு விலையும் உண்டு. சித்திரேற்று கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கும். மீடியத்தில் இரும்பு 10 மைக்குரோமோலார் என்றால் சித்திரேற்று 0.2 மில்லிமோலார், கவலையில்லை. இரும்பு 50 என்றால் சித்திரேற்று 1 மில்லிமோலார். டி.எம்.ஈ.எம்.இல் கல்சியமே 1.8 மில்லிமோலார்தான், டி.எம்.ஈ.எம்./எப்.12இல் ஏறத்தாழ 1.05. ஒட்டி வளரும் கலங்கள் உருண்டு கிளம்பத் தொடங்கினால் இரும்பு நஞ்சானது என்று அவசரப்பட்டு எழுதவேண்டாம். கல்சியம் குறைந்ததாக இருக்கலாம். அதனால்தான் இரும்பு இல்லாத, அதே அளவு சித்திரேற்று மட்டும் உள்ள கண்ட்ரோல் கட்டாயம். ஒட்டும் கலங்களுக்கு 50க்கு மேல் போகவேண்டி வந்தால் விகிதத்தை 5க்கு இறக்கி, ஸ்ரொக்கைக் கிழமைக்கு ஒருமுறை புதிதாகச் செய்வது நல்லது.

பெரிக் அமோனியம் சித்திரேற்றும் பரவலான ஒரு தெரிவு. நீரில் மிக நன்றாகக் கரையும். ஆனால் இது நிலையான சூத்திரம் உள்ள சேர்மம் இல்லை. கபில வகையில் இரும்பு 16.5 முதல் 18.5 வீதம் வரை, பச்சை வகையில் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆகவே மூலர்த்திணிவை வைத்துக் கணக்குப் பார்க்க முடியாது, போத்தலோடு வரும் பகுப்பாய்வுத் தாளிலுள்ள இரும்பு வீதத்தால்தான் பார்க்கவேண்டும். 17.5 வீதம் என்றால் 10 மில்லிமோலார் ஸ்ரொக் 50 மில்லிலீற்றருக்குத் தேவையான இரும்பு 27.9 மில்லிகிராம், தூளாக 160 மில்லிகிராம்.

ஈ.டி.ரி.ஏ. என்ற பிடிப்பானோடு சேர்ந்த இரும்பைத் தவிர்ப்பேன். அது நாகத்தையும் (சிங்க்) கல்சியத்தையும் பிடித்து, நீங்கள் கணக்கில் எடுக்காத குறைபாடுகளை உண்டாக்கும். துரோபொலோன் என்ற கொழுப்பில் கரையும் பிடிப்பானும் ஹைபிரிடோமா மீடியங்களில் மிகக் குறைந்த இரும்புடன் பயன்பட்டிருக்கிறது. இரும்பைச் சவ்வினூடாகக் கடத்துவதில் கெட்டிக்காரன், ஆனால் தனியே மிஞ்சினால் கலத்தின் உள்ளேயிருக்கும் இரும்பையே பிடிக்கும். நல்ல தராசும் அனுபவமும் இருந்தால் மட்டும்.

எங்கள் ஊரில் கவனிக்கவேண்டியது

பெரிக் குளோரைட்டும் பெரிக் அமோனியம் சித்திரேற்றும் ஈரத்தை உறிஞ்சும். மார்கழி வாடையில் மூடியைத் திறந்து வைத்தால் நிறுக்கிற நேரத்துக்குள்ளேயே தூள் கசியும். நிறுப்பது பாதி தண்ணீராகிவிடும். சிறு போத்தல்களாகப் பிரித்து, சிலிக்கா மணிகளுடன் உலர்த்திப் பெட்டியில் வைத்து, ஒரு தரத்துக்கு ஒன்றை மட்டும் திறவுங்கள். குளிரிலிருந்து எடுத்த போத்தலை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்கவேண்டும். கட்டியாகி நனைந்திருந்தால் நிறுத்துப் பயன் இல்லை. பெரஸ் சல்பேற்றுப் பளிங்கு நீலப்பச்சையாக இருக்கவேண்டும், மேலே மஞ்சள் கபிலப் பொருக்கு வந்திருந்தால் கழித்துவிடுங்கள். உலோகக் கரண்டியால் பெரிக் குளோரைட்டை எடுக்காதீர்கள், அது கரண்டியை அரிக்கும்.

தண்ணீர் இன்னொன்று. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருவது, வன்மை கூடியது. வடிகலம் கெதியாகப் பொருக்கு கட்டும், பொருக்குக் கட்டிய வடிகலத்திலிருந்து தெறித்து வரும் நீரில் கல்சியமும் வரும். பழைய இரும்புக் குழாய் வழியாக வந்த நீர் என்றால் இரும்பும் வரும். கடத்துதிறனைப் பார்க்காத நீரில் மைக்குரோமோலார் இரும்புப் பரிசோதனை செய்து முடிவு எழுத முடியாது. 18.2 மெகாஓம் நீர் இல்லாவிட்டால், ஸ்ரொக்குகளுக்கு மட்டுமாவது பாமசியில் கிடைக்கும் ஊசிமருந்துக்கான நீரைப் பாவியுங்கள். சோளகக் காலத்தில் செம்மண் தூசி யன்னல் வழியாக வந்து எல்லாவற்றிலும் படியும். கண்ணாடிப் பாத்திரங்களை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து நன்றாக அலசிய பிறகே இரும்புக் கரைசலுக்கு எடுக்கவேண்டும்.

வெளிச்சம் பற்றி யாரும் பேசுவதில்லை. சித்திரேற்று இரும்பு ஒளியில் பெரஸாகத் தாழ்த்தப்படும். மீடியத்திலுள்ள இரைபோபிளேவினும் (உயிர்ச்சத்து பி2) ஹெப்பெஸ் என்ற தாங்கலும் ஒளியில் சேர்ந்து ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும். பென்ரன் தாக்கத்துக்கு வேண்டிய இரண்டும் ஒரே போத்தலில் தயாராகிவிடும். எங்கள் வெயிலில் யன்னலோரம் வைத்த போத்தலுக்குச் சில மணித்தியாலமே போதும். ஸ்ரொக்கையும் மீடியத்தையும் அலுமினியத் தாளால் சுற்றுங்கள், கண்ணாடிக் கதவுள்ள பிரிட்ஜின் விளக்கை நிறுத்திவையுங்கள்.

சேர்க்கும் வரிசையும் பாதுகாப்பும்

இரும்பைக் கடைசியாகச் சேர்க்கவேண்டும். மீடியம் வேலை செய்யும் செறிவுக்கு வந்து, பி.எச். சரிசெய்து, கலக்கிக்கொண்டிருக்கும்போது மெதுவாக. பத்து மடங்கு செறிவான கரைசலிலோ, பொஸ்பேற்றுச் செறிவாக உள்ள பீட் கரைசலிலோ (இடையிடையே சேர்க்கும் ஊட்டக் கரைசல்) இரும்பை விட்டால் பெரிக் பொஸ்பேற்று வெளிறிய முகிலாக விழும். அது திரும்பக் கரையாது.

இரும்போடு செலனியம் போகவேண்டும். பேரொட்சைட்டை அழிக்கும் குளுற்றதயோன் பெரொக்சிடேஸுக்கு அது வேண்டும். சீரத்தோடு வந்துகொண்டிருந்த செலனியமும் சீரத்தோடேயே நின்றுவிட்டது. ஐ.ரி.எஸ். போட்டால் உள்ளேயே இருக்கிறது. தனியாகச் செய்வதென்றால் சோடியம் செலனைட்டு 17.3 மில்லிகிராமை 100 மில்லிலீற்றரில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதை நூறு மடங்கு ஐதாக்கி, லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் சேர்த்தால் 40 நானோமோலார். தசமத்தில் தவறினால் கலங்கள் முழுதாகப் போய்விடும், செலனைட்டு மைக்குரோமோலார் அளவிலேயே நஞ்சு. சோடியம் பைருவேற்று 1 மில்லிமோலார் இருந்தால் அது பேரொட்சைட்டைத் தானே அழிக்கும். இரும்பு உள்ள மீடியத்தில் வெறும் அஸ்கோர்பிக் அமிலத்தைப் போடாதீர்கள். அது பெரிக்கைத் தாழ்த்திப் பேரொட்சைட்டையும் உண்டாக்கும். உயிர்ச்சத்து சீ வேண்டுமென்றால் அஸ்கோர்பேற்று 2 பொஸ்பேற்றைப் பாவியுங்கள்.

சரியான அளவைப் பிடிப்பது

10 மில்லிமோலார் ஸ்ரொக்கிலிருந்து 10 மில்லிலீற்றர் மீடியத்துக்கு 50 மைக்குரோலீற்றர் விட்டால் 50 மைக்குரோமோலார். அப்படியே 0, 5, 10, 25, 50, 100 என்று ஒரு தொடர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சித்திரேற்று மட்டும் உள்ள சோடி ஒன்றும், டிரான்ஸ்பெரின் உள்ள ஒன்றும் வையுங்கள். தொங்கல் கலங்களுக்கு 250, 500 வரை போகலாம். தொடங்குமுன் கலங்களை உப்புக் கரைசலால் இரண்டு தரம் கழுவிச் சீரத்தை முழுதாக அகற்றுங்கள்.

ஒரே பாசேஜில் முடிவு எழுதுவதுதான் இதில் மிகப் பெரிய பொறி. கலம் பெரிற்றின் என்ற புரதத்தில் இரும்பைச் சேமித்து வைத்திருக்கும், ஒரு பெரிற்றின் கூட்டுக்குள் 4500 அணுக்கள் வரை அடங்கும். வளர்ப்புத் தட்டில் இரும்பே இல்லாத குழியிலும் முதல் நாட்களில் கலங்கள் அழகாக வளரும். ஒவ்வொரு பிரிவிலும் சேமிப்பு பாதியாகி, இரண்டாம் மூன்றாம் பாசேஜில்தான் குறைபாடு வெளியே தெரியும். குறைந்தது நான்கு பாசேஜ் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் இரட்டிப்பு நேரத்தை எழுதுங்கள். பூச்சியக் குழி மெதுவாகாமலே இருந்தால் மீடியத்தில் எங்கிருந்தோ இரும்பு வருகிறது, பரிசோதனை செல்லாது. அதை உறுதிப்படுத்த ஒரு குழிக்கு டெபெரொக்சமின் 20 மைக்குரோமோலார் போடுங்கள். தலசீமியா நோயாளருக்குக் கொடுக்கும் அதே மருந்துதான், ஒரு மூலக்கூறு ஓர் இரும்பைக் கட்டும்.

எது பிழைத்தது என்று அறிவது

இரும்பு போதாத கலங்கள் சாவதற்கு முன் மெதுவாகும். டி.என்.ஏ. படியெடுக்க முடியாமல் நிற்கும், பருத்துத் தெரியும். இழைமணி தளர்வதால் குளுக்கோசை இலற்றேற்றாக மாற்றுவது கூடி, கலத்தொகை கூடாமலே மீடியம் மஞ்சளாகும். பாசேஜுக்குப் பாசேஜ் இது கூடிக்கொண்டு போனால் சந்தேகமே வேண்டாம்.

இரும்பு கூடினால் காட்சி வேறு. மாற்றிய ஓரிரு நாளிலேயே, அதுவும் ஐதாக விதைத்த குழிகளில் முதலில், கலங்கள் சிதையும். நெருக்கமாக விதைத்தவை தப்பும், ஏனென்றால் பேரொட்சைட்டைக் கூட்டாக அழிக்கின்றன. இரும்பால் தூண்டப்படும் கொழுப்புப் பேரொட்சியேற்ற மரணத்துக்கு 2012இல் பெரொப்ரோசிஸ் என்று பெயரிட்டார்கள். பெரோஸ்ராற்றின் 1 என்ற தடுப்பானை 1 மைக்குரோமோலார் போட்டதும் கலங்கள் தப்பினால் காரணம் அதுதான். மீடியத்தில் கொழுப்பமிலச் சேர்க்கை இருந்தால் இந்த ஆபத்து இரட்டிப்பு.

அடியில் கபிலத் துகள்கள் கண்டால் பூஞ்சணமா பற்றீரியாவா என்று பயந்து பிளாஸ்க்கைக் கொட்டிவிடுகிறார்கள். இரண்டும் இல்லாமல் இருக்கலாம். மீடியத்தைச் சுழற்றி, படிவை ஒரு கண்ணாடித் துண்டில் எடுத்து, 2 வீத பொற்றாசியம் பெரோசயனைட்டும் 2 வீத ஐதரோகுளோரிக் அமிலமும் சம அளவில் கலந்து ஒரு துளி விடுங்கள். நீலமானால் இரும்பு. பேர்ல்ஸ் சாயம் என்று நோயியல் ஆய்வுகூடங்களில் ஈரலிலுள்ள இரும்பைப் பார்க்க வைத்திருப்பது இதே கலவைதான், பக்கத்து ஆய்வுகூடத்தில் கேட்டால் கிடைக்கும்.

மீடியத்தில் உண்மையில் எவ்வளவு இரும்பு நிற்கிறது என்பதை, பெரஸ் இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பெரோசீன் என்ற சேர்மத்தால் அளக்கலாம். மாதிரியை 0.22 மைக்குரோமீற்றரில் வடித்து, அமிலத்தால் இரும்பைக் கழற்றி, அஸ்கோர்பிக் அமிலத்தால் பெரஸாக்கி, அமோனியம் அசற்றேற்றால் பி.எச்.ஐ உயர்த்திப் பெரோசீன் சேர்த்தால் ஊதா நிறம் வரும். 562 நானோமீற்றரில் அளவிடுங்கள். அளவிடும் கரைசலில் 10 மைக்குரோமோலார் இருந்தால் உறிஞ்சல் 0.28 சுற்று. சேர்த்த அன்றும் ஒரு கிழமை கழித்தும் அளந்து பார்த்தால் வீழ்படிவாகப் போனது எவ்வளவு என்று நேரே தெரியும். 1 மைக்குரோமோலாருக்குக் கீழே சாதாரண நிறமானியை நம்பவேண்டாம்.

பெரிக் அமோனியம் சித்திரேற்றின் லொட் (தயாரிப்புத் தொகுதி) மாறும் ஒவ்வொரு தரமும் இதே பெரோசீன் அளவீட்டைப் புதிய ஸ்ரொக்கில் செய்து, போத்தலின் மேல் செறிவையும் திகதியையும் எழுதிவிட்டுத்தான் கலங்களிடம் கொண்டுபோகவேண்டும். பழைய லொட்டில் ஒரு சின்னப் போத்தலை மிச்சம் பிடித்து வைத்து, புதியதோடு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாசேஜ் ஓட்டிப் பாருங்கள்.